போகாத எக்ஸெல்: பிடிவிடுதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருள்

எக்ஸெல் போன பிறகும் இருக்கிறது. இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. பண்டை நூல்களின் பாடபேதங்களைத் தீர்க்க நம் அறிஞர்கள் கொட்டிய உழைப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்குக் கிட்டியதில்லை. இதனால் அல்லற்படுவோர் கணக்குப் பிரிவிலும் ஸ்டோர்ஸிலும் சம்பளப் பட்டியல் போடும் மேசையிலும் இருப்பவர்கள் என்பதும், அவர்களுக்கு ஆய்விதழ் வாசிக்க நேரமில்லை என்பதும் இப்புறக்கணிப்புக்குக் காரணமாகலாம்.

நிகழ்வு இதுதான். ஆக்சஸிலோ வேர்டிலோ ஒருவர் ஒரு மேக்ரோ எழுதி வைத்திருக்கிறார். பொத்தானைத் தட்டினால் அது எக்ஸெல்லை எழுப்பி, ஒர்க்புக் ஒன்றைத் திறந்து, நாற்பது வரி எழுதி, சேமித்து, மூடி, "போ" என்றும் சொல்லிவிடுகிறது. திரையில் ஏதும் மிச்சமில்லை. ஐயம் கொண்ட ஒருவர் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கிறார். அங்கே எக்ஸெல் ஒரு வரியில் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் கிடையாது, கீழ்ப்பட்டையில் ஐகான் கிடையாது. நினைவகத்தில் மட்டும் இடம் பிடித்திருக்கிறது. பொத்தானைப் பல முறை தட்டியவர் மேசையில் பல வரிகளும் உட்கார்ந்திருப்பதுண்டு.

இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விடவும் முடியாது. மேக்ரோ பாதியில் தடுக்கி ஒர்க்புக்கை மூடாமல் போயிருந்தால், அதே கோப்பை மீண்டும் திறக்கும்போது, "இதை இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார், படிக்க மட்டுமே திறக்கலாம்" என்று ஒரு பெட்டி வரும். அந்த இன்னார் யார் என்று பார்த்தால் திறக்க முயன்றவரின் பெயரே அங்கிருக்கும். திறந்த கோப்பின் பக்கத்திலேயே, அலைக்குறியும் டாலர் குறியும் முன்னொட்டாகக் கொண்ட ஒரு மறைகோப்பை ஆபீஸ் எழுதி வைத்து, திறந்தவர் பெயரை அதில் குறித்துக்கொள்கிறது. ஒருவர் பெயரைச் சொல்லியே அவரைத் தடுக்கும் அலுவல் நடைமுறை கணினிக்கு முன்பும் இருந்ததுதான். அதில் இவ்வளவு வேகம் இருந்ததில்லை.

பயனாளரே மூட மறந்த எக்ஸெல் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. அது ஒழுக்கவியலுக்கு உரிய பொருள். ஒரு நிரல் அழைத்து, அந்நிரலே அனுப்பி, அதன் பின்னும் போகாத எக்ஸெல் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. முன்னோர் கண்ட வழிகள்

கணினியில் ஒரு பொருளை எப்போது ஒழிக்கலாம் என்ற கேள்விக்கு 1960இல் இரண்டு விடைகள் தோன்றின. ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை விளக்கிய கட்டுரையில் ஒரு வழி சொன்னார்: எல்லாம் சேரட்டும், இடம் தீர்ந்ததும் ஒரு நடை சுற்றிவந்து, யாரும் எட்ட முடியாதவற்றை அள்ளிப் போடலாம். அதே ஆண்டில் அதே ஆய்விதழில் ஜார்ஜ் காலின்ஸ் வேறு வழி சொன்னார்: ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கட்டும், எண்ணிக்கை பூச்சியம் ஆனதும் ஒழியட்டும். முன்னது குப்பை வண்டிக் கட்சி, பின்னது எண்ணிக்கைக் கட்சி எனக் கொள்க.

எண்ணிக்கைக் கட்சியில் ஓட்டை இருப்பதை 1963இல் ஹெரால்ட் மெக்பெத் அதே இதழுக்கு எழுதிய கடிதத்தில் காட்டினார். முதற்பொருள் இரண்டாவதைப் பிடித்திருக்க, இரண்டாவது முதற்பொருளைப் பிடித்திருந்தால், உலகமே கைவிட்டாலும் இரண்டின் கணக்கும் ஒன்றுக்குக் கீழே இறங்காது. இவ்வளவு சீக்கிரமாகச் சுட்டிக்காட்டப்பட்ட குறை இத்தனை ஆண்டுகளாகப் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டு வருவது, ஆய்வுலகில் பழைய இதழ்களை எவரும் புரட்டுவதில்லை என்பதற்குச் சான்று.

ஆபீஸ் நிரல்கள் தம்முள் பேசிக்கொள்ளத் தொடங்கிய கதை தனி. 1987இல் விண்டோஸ் 2.0 உடன் டி.டி.இ. என்ற முறை வந்தது. அதில் நிரல்கள் ஒன்றுக்கொன்று துண்டுச் சீட்டு அனுப்பிக்கொண்டன. பிறகு ஓ.எல்.இ. வந்தது. 1993இல் காம்பொனன்ட் ஆப்ஜெக்ட் மாடல் என்னும் காம் வந்தது. அதே ஆண்டு எக்ஸெல் 5, வி.பி.ஏ. மொழியோடு வெளியானது. வேர்டுக்கு அந்த மொழி 97ஆம் பதிப்பில்தான் கிட்டியது. அதன் பின்னர், ஆபீஸ் வாங்கிய எந்த அலுவலகத்திலும், மேக்ரோ எழுதத் தெரிந்த எவரும் ஒரு நிரலில் இருந்துகொண்டு இன்னொரு நிரலை ஏவலாம் என்ற நிலை உருவானது. ஏவியதைத் திரும்ப அனுப்பும் கலை மட்டும் கூடவே வரவில்லை.

3. எண்ணிக்கைக் கோட்பாடு

காம் எண்ணிக்கைக் கட்சியைச் சேர்ந்தது. அதில் பிறக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் மூன்று செயல்களைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். குவெரி இன்டர்ஃபேஸ்: உனக்கு என்னென்ன தெரியும் என்று கேட்பது. ஆட்ரெஃப்: உன்னை நான் பிடித்துக்கொண்டேன் என்று சொல்வது. ரிலீஸ்: விட்டுவிட்டேன் என்று சொல்வது. ஆட்ரெஃப் என்றால் கணக்கில் ஒன்று கூடும். ரிலீஸ் என்றால் ஒன்று குறையும். நிரலர்கள் ரெஃபரன்ஸ் என்று வழங்குவதை இக்கட்டுரை இனிப் 'பிடி' என்றே குறிக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆப்ஜெக்ட் எண்ணிக்கையை மட்டுமே வைத்துக்கொள்கிறது. பிடித்தவர் யார் என்று குறித்துக்கொள்வதில்லை. "என்னை மூவர் பிடித்திருக்கிறார்கள்" என்று அதற்குத் தெரியும். எந்த மூவர் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. ஆகவே போகாமல் நிற்கும் எக்ஸெல்லை விசாரித்து, தவறிழைத்தவரைக் கண்டுபிடிக்க இயலாது. மேக்ரோவின் வரிகளுக்குள்தான் தேட வேண்டும். மேக்ரோவை எழுதியவரோ பெரும்பாலும் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

ஆட்சேபம்: எக்ஸெல்லுக்கு 'குவிட்' என்றொரு கட்டளை இருக்கிறதே, அதைச் சொன்னால் போய்விடாதா?

சமாதானம்: குவிட் என்பது விடைகொடுத்தல் மட்டுமே. எக்ஸெல் அதைக் கேட்டுத் தன் ஒர்க்புக்குகளை மூடும், கடையைக் கட்டும், புறப்படத் தயாராகும். வெளியே எவராவது இன்னும் ஒரு பிடி வைத்திருந்தால் வாசலிலேயே நின்றுவிடும். விருந்துக்கு வந்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டில் இருந்த எல்லோரிடமும் "போயிட்டு வரேன்" சொல்லியாயிற்று, பின்கட்டில் படுத்திருக்கும் அத்தைப் பாட்டியிடம் மட்டும் சொல்லவில்லை என்றால் எப்படி நிற்பாரோ அப்படி. வீட்டுக்காரருக்குப் பாட்டி அங்கிருப்பதே மறந்துபோயிருக்கும். நிற்பவர் ஏன் நிற்கிறார் என்றும் விளங்காது. இவ்வாய்வின் மையச் சிக்கல் முழுவதும் அந்தப் பாட்டியிடம்தான் இருக்கிறது என்பது ஐந்தாம் பகுதியில் நிறுவப்படும்.

4. நால்வரின் இயல்பு

ஆபீஸ் குடும்பத்தைச் சேர்ந்த நிரல்கள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தவை. ஆனாலும் போகும் விதத்தில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒன்றுக்குச் சொன்ன விதியை மற்றொன்றுக்குப் பொருத்துவோர் அல்லற்படுவர்.

எக்ஸெல்: கிரியேட் ஆப்ஜெக்ட் என்று அழைத்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக ஒன்று பிறக்கும். பிறக்கும்போதே மறைந்த நிலையில் பிறக்கும். 'யூசர்கண்ட்ரோல்' என்னும் குணம் பொய் என்ற நிலையில் இருக்கும் வரை, கடைசிப் பிடி விலகியதும் தானே போய்விடும். பயனாளர் கைப்பட்டு அக்குணம் மெய் ஆகிவிட்டால், பிடி எல்லாம் போனாலும் அது இருக்கும். பயனாளர் மூட வேண்டும். நால்வரில் ஓரளவு நியாயம் தெரிந்தது இதுவே.

வேர்ட்: இதுவும் மறைந்தே பிறக்கும். ஆனால் எல்லோரும் பிடியை விட்டாலும் போகாது. குவிட் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எக்ஸெல்லில் பழகியவர் வேர்டிலும் பிடியை விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். வேர்ட் போயிருக்காது.

பவர்பாயின்ட்: இது ஒன்றே ஒன்றுதான். எத்தனை முறை கிரியேட் ஆப்ஜெக்ட் என்று கூவினாலும் இருக்கும் பவர்பாயின்ட்தான் வரும். அதன் ஜன்னலை மறைக்கச் சொன்னால் மறுத்து, தவறு என்று அறிவிக்கும். ஏற்கெனவே மேலாளர் தம் பிரசன்டேஷனைத் திறந்து வைத்திருக்க, மேக்ரோ அதே பவர்பாயின்ட்டுக்குக் குவிட் சொன்னால் யாருடைய ஸ்லைடு போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அவுட்லுக்: இதுவும் ஒற்றைப் பிறவி. ஓடிக்கொண்டிருந்தால் அதையே எடுத்துக் கொடுக்கும். குவிட் சொன்னால் பயனாளர் எழுதிக்கொண்டிருக்கும் மெயிலுக்கும் சேர்த்தே சொன்னதாகும்.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி: தான் எழுப்பியதைத் தான் அனுப்புக, ஏற்கெனவே எழுந்திருந்ததைத் தொடாதே. ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸெல்லை 'கெட் ஆப்ஜெக்ட்' மூலம் பிடித்தவருக்கு அதன்மீது உள்ளது பார்வையாளர் உரிமை மட்டுமே. அப்படி எதுவும் ஓடவில்லை என்றால் 429 என்ற எண்ணோடு ஒரு தவறு வரும். அது வந்த பிறகே கிரியேட் ஆப்ஜெக்ட் சொல்ல வேண்டும். இரண்டில் எதனால் எக்ஸெல் கிடைத்தது என்பதை ஒரு மாறியில் குறித்து வைத்தல் நன்று. கடைசியில் அனுப்புவதா வேண்டாமா என்று அந்த மாறிதான் சொல்லும்.

5. அறியாப் பிடிகள்

எக்ஸெல் போகாமைக்குக் காரணம் விட மறந்த பிடி என்பது பொதுவான நம்பிக்கை. ஆராய்ந்தால் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கிறது. பெயர் வைத்து எடுத்த பிடியை எவரும் எளிதில் மறப்பதில்லை. எடுத்தோம் என்பதே தெரியாமல் எடுத்த பிடிதான் நிற்கிறது. இது நான்கு வகைப்படும்.

முதல் வகை, அனாதைச் சொல். எக்ஸெல்லுக்கு உள்ளே மேக்ரோ எழுதும்போது வெறுமனே 'ரேஞ்ச்' என்றும் 'செல்ஸ்' என்றும் 'ஆக்டிவ்ஷீட்' என்றும் எழுதலாம். எந்த எக்ஸெல்லுடைய ரேஞ்ச் என்ற கேள்வி அங்கே எழாது. மேக்ரோ ரெக்கார்டர் எழுதித் தரும் வரிகளும் இப்படித்தான் இருக்கும்: ரேஞ்ச்சைத் தேர்ந்தெடு, செலக்‌ஷனைத் தடித்த எழுத்தாக்கு. அந்த வரிகளை அப்படியே வெட்டி ஆக்சஸில் ஒட்டும்போதுதான் வினை தொடங்குகிறது. ஆக்சஸுக்குச் சொந்தமாக ரேஞ்ச் என்று ஒன்று கிடையாது. எக்ஸெல் லைப்ரரியை ரெஃபரன்ஸ் பட்டியலில் டிக் செய்திருந்தால், வி.பி.ஏ. நம்மைக் கேட்காமலே எக்ஸெல்லின் பொதுப் பொருள் ஒன்றைப் பிடித்து, அதன் வழியாக அந்த ரேஞ்ச்சை எடுத்துத் தரும். அந்தப் பிடிக்கு மாறி கிடையாது. மாறி இல்லாததால் அதை விடவும் வழி கிடையாது. ஆக்சஸ் மூடப்படும் வரை, அல்லது வி.பி.ஏ. ரீசெட் செய்யப்படும் வரை, அது இருக்கும்.

இதன் அடையாளக் குறி மிகத் தெளிவானது. மேக்ரோ முதல் முறை ஒழுங்காக ஓடும். மறுமுறை ஓட்டினால் 1004 என்றோ 462 என்றோ தவறு வரும். 462க்கு ஆபீஸ் தரும் விளக்கம், தொலைவிலுள்ள சர்வர் கணினி இல்லை அல்லது கிடைக்கவில்லை என்பது. தேடப்படும் எக்ஸெல் அதே மேசையில், அதே லேப்டாப்பில் இருந்த ஒன்று. தொலைவு என்று அது எதைச் சொல்கிறது என்பது தத்துவவாதிகளின் ஆய்வுக்கு விடப்படுகிறது. முதல் ஓட்டத்தில் எடுத்த மறைபிடி பழைய எக்ஸெல்லையே சுட்டிக்கொண்டிருக்க, மறு ஓட்டத்தின் அனாதைச் சொற்கள் புதிய எக்ஸெல்லுக்குப் பதிலாகக் குவிட் சொல்லப்பட்ட அந்தப் பழையதிடம் போய் முறையிடுகின்றன என்பதே இதன் பொருள்.

மருந்து எளிது. ஒவ்வொரு ரேஞ்ச்சுக்கும் முன்னால் அது எந்த ஷீட்டுடையது, அந்த ஷீட் எந்த ஒர்க்புக்குடையது என்று எழுதிவிட வேண்டும். லைப்ரரிப் பட்டியலில் டிக் செய்யாமல் எழுதுவோருக்கு ஒரு வசதி: அனாதைச் சொல்லை வி.பி.ஏ. பிடித்துக்கொண்டு, இப்படி ஒன்றை நான் அறியேன் என்று நின்றுவிடும். இந்த நோய் அவர்களுக்கு வருவதே இல்லை.

இரண்டாம் வகை, புள்ளிகளுக்கு இடையே ஒளிந்த பிடி. டாட் நெட் என்னும் நிரல் தளம் 2002இல் வந்தபோது ஆபீஸை ஏவுவோர் பலர் அங்கே குடிபெயர்ந்தனர். டாட் நெட் மெக்கார்த்தியின் குப்பை வண்டிக் கட்சி. காம் காலின்ஸின் எண்ணிக்கைக் கட்சி. இரண்டும் ஒரு வீட்டில் வாழ ஒவ்வொரு காம் ஆப்ஜெக்டுக்கும் டாட் நெட் ஓர் உறை மாட்டுகிறது. உறை இருக்கும் வரை பிடி இருக்கும். உறையைக் குப்பை வண்டி அள்ளும் வரை உறை இருக்கும். வண்டி எப்போது வரும் என்பது வண்டிக்கே தெரியும். இடம் தாராளமாக இருந்தால் அது மாலை வரை வராமலும் போகலாம்.

இந்நிலையில் 'எக்ஸெல்.ஒர்க்புக்ஸ்.ஓப்பன்' என்று ஒரே வரியில் எழுதுபவர், எக்ஸெல்லையும் திறந்த ஒர்க்புக்கையும் மட்டும் எடுத்ததாக நினைக்கிறார். நடுவில் ஒர்க்புக்ஸ் என்ற தொகுதியும் எடுக்கப்பட்டு, உறை மாட்டப்பட்டு, பெயரில்லாமல் நிற்கிறது. காம் ஆப்ஜெக்டில் ஒரே வரியில் இரண்டு புள்ளி வைக்காதே என்று நிரலர்களிடையே ஒரு விதி பரவியது இதனால்தான்.

மூன்றாம் வகை, சுற்றில் வரும் பிடி. தொகுதியின் ஒவ்வொன்றையும் எடுத்து வா என்று 'ஃபார் ஈச்' எழுதினால், ஒவ்வொன்றாக எடுத்துத் தர ஒருவன் நியமிக்கப்படுகிறான். டாட் நெட்டில் அவனுக்கும் ஓர் உறை உண்டு. பெயர் கிடையாது.

நான்காம் வகை, கேட்பாரற்ற கேள்வி. இது பிடியே அன்று எனச் சிலர் வாதிடலாம். விளைவு ஒன்றென்பதால் இங்கே சேர்க்கப்பட்டது. ஒர்க்புக்கைச் சேமிக்காமல் குவிட் சொன்னால், சேமிக்கட்டுமா என்று எக்ஸெல் கேட்கும். ஆளில்லாத சர்வரில் அந்தக் கேள்விப் பெட்டி எவர் கண்ணிலும் படாது. சரி, வேண்டாம், ரத்து என்ற மூன்று பொத்தான்களோடு எக்ஸெல் அப்படியே காத்திருக்கும். அதன் பொறுமைக்கு வரம்பில்லை. 'டிஸ்ப்ளே அலர்ட்ஸ்' என்பதைப் பொய் ஆக்கி, ஒர்க்புக்கைச் சேமிப்பதா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லி மூடுதல் இதற்குப் பரிகாரம்.

இடைக்குறிப்பு ஒன்று. வேறு கணினியில் உள்ள காம் ஆப்ஜெக்டைப் பிடிப்போருக்கு முன்னோர் ஒரு பாதுகாப்பு செய்திருக்கிறார்கள். பிடித்த கணினி இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும். மூன்று முறை தொடர்ந்து குரல் வராவிட்டால் பிடி விட்டதாகக் கொள்ளப்படும். நம் சிக்கலுக்கு இது உதவாது. பிடித்திருக்கும் ஆக்சஸ் சாகவில்லை. அது நன்றாக உயிரோடிருந்து, தான் எதையும் பிடிக்கவில்லை என்று மனதார நம்பிக்கொண்டிருக்கிறது.

6. பிடிவிடுதலில் ஐந்து கட்சி

ஒன்று, நத்திங் கட்சி. இவர்கள் ஒவ்வொரு மேக்ரோவின் முடிவிலும், "செட் எக்ஸெல் = நத்திங், செட் புக் = நத்திங், செட் ஷீட் = நத்திங்" என்று, பெயருள்ள பிடிகளை விடும் வரிகளை வரிசையாக எழுதி முடிப்பார்கள். மேக்ரோவில் மூன்று வரி வேலையும் எட்டு வரி நத்திங்கும் இருக்கும். கேட்டால், எழுதாவிட்டால் மெமரி போகும் என்பார்கள். வி.பி.ஏ.யில் ஒரு செயல்முறைக்குள் அறிவித்த மாறி, செயல்முறை முடிந்ததும் தானே பிடியை விட்டுவிடுகிறது. முடியும் இடத்திற்கு ஒரு வரி முன்னால் நாமும் சொல்வது, கிளம்பிவிட்ட பஸ்ஸுக்கு விசில் அடிப்பது அன்றி வேறில்லை. வி.பி.ஸ்கிரிப்டை உருவாக்கிய குழுவில் இருந்த எரிக் லிப்பர்ட் 2004இல் இதே கருத்தை அந்த மொழிக்குச் சொன்னார். எழுதுவோர் எண்ணிக்கை அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

இக்கட்சியை முற்றும் மறுத்தலும் முறையன்று. மாட்யூலின் தலையில் பொதுவாக அறிவித்த மாறியும், ஸ்டேட்டிக் மாறியும் செயல்முறை முடிந்தாலும் உயிரோடிருக்கும். அங்கே நத்திங் உண்மையிலேயே வேலை செய்கிறது. மெக்பெத் காட்டிய சுழல் பிடியை அறுக்கவும் அதுவே கருவி. ஆனால் பெயருள்ள மாறிக்குத்தான் நத்திங் சொல்ல முடியும். பெயரில்லாத பிடியால் நிற்கும் எக்ஸெல்லின் முன் நின்று, பெயருள்ளவற்றுக்கெல்லாம் நத்திங் சொல்வது, அத்தைப் பாட்டியை விட்டுவிட்டு மற்ற எல்லோரிடமும் இன்னொரு முறை விடைபெறுவது போன்றது. விருந்தாளி இன்னும் வாசலிலேதான் நிற்பார்.

இரண்டு, தலைகீழ்க் கட்சி. எடுத்ததற்கு எதிர் வரிசையில் விட வேண்டும் என்பது இவர்கள் கொள்கை: முதலில் ரேஞ்ச், பின் ஷீட், பின் ஒர்க்புக், கடைசியில் எக்ஸெல். எண்ணிக்கைக் கணக்கில் கழித்தலின் வரிசை மாறினால் விடை மாறாது என்பதால் இதற்குக் கோட்பாட்டு ஆதாரம் குறைவு. எனினும் வாசிப்போருக்கு ஒழுங்காகத் தெரிகிறது, எதையும் விட்டுவிடாமல் எண்ணிப் பார்க்கவும் உதவுகிறது. எனவே வழக்கம் என்ற அளவில் ஏற்கப்படுகிறது.

மூன்று, கையால் கழற்றும் கட்சி. டாட் நெட்டில் வாழும் இவர்கள், 'மார்ஷல்.ரிலீஸ் காம் ஆப்ஜெக்ட்' என்று ஒவ்வொரு உறைக்கும் தனித்தனியே எழுதுவார்கள். இதில் ஓர் அபாயம் உண்டு. அதே ஆப்ஜெக்டை நிரலின் இன்னொரு பகுதியும் வைத்திருந்தால், இருவர் கையிலும் இருப்பது ஒரே உறைதான். ஒருவர் முற்றாகக் கழற்றினால் மற்றவர் கையில் வெற்று உறை. தொட்டதும், இந்த ஆப்ஜெக்ட் தன் உறையிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது என்று தவறு வரும்.

நான்கு, வண்டியை வரவழைக்கும் கட்சி. 'ஜி.சி. கலெக்ட்' என்று குப்பை வண்டியைக் கூப்பிட்டு, அது வேலையை முடிக்கும்வரை காத்திருந்து, இன்னொரு முறை கூப்பிடுவார்கள். இரண்டு முறை கூப்பிடுவது மூடநம்பிக்கை போல் தோன்றினும் காரணம் உண்டு: முதல் நடையில் அடையாளம் கண்டவற்றின் இறுதிச் சடங்கு முடிந்த பின்பே, அவற்றை ஒட்டியிருந்த மற்றவை இரண்டாம் நடைக்குக் கிடைக்கும். இவர்கள் மறப்பது வேறொன்று. டீபக் முறையில் ஓட்டும்போது, செயல்முறைக்குள் அறிவித்த மாறிகள் அது முடியும் வரை உயிரோடு வைக்கப்படும். ஆகவே எக்ஸெல்லோடு பேசும் செயல்முறைக்கு உள்ளே நின்று வண்டியைக் கூப்பிட்டால் வண்டி வெறுங்கையோடு திரும்பும். எக்ஸெல் வேலையைத் தனிச் செயல்முறையில் அடைத்து, அதை அழைத்தவர் வெளியே நின்று கூப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் புள்ளிகளை எண்ணி எண்ணி எழுதும் தொல்லையும் போகும். டாட் நெட்டைப் பொறுத்தவரை இவ்வாய்வு இக்கட்சியின் பக்கமே சாய்கிறது.

ஐந்து, வெட்டுக் கட்சி. இவர்களுக்குக் கோட்பாடு கிடையாது. டாஸ்க் மேனேஜர் உண்டு. இவர்களைப் பற்றி ஏட்டறிவு போதாது. களத்துக்குச் செல்வோம்.

7. களக்காட்சி

மார்ச் மாதக் கடைசியில் எந்தக் கணக்குப் பிரிவிலும் கேட்கக்கூடிய உரையாடலின் மாதிரி இது:

"தம்பி, ரிப்போர்ட் வரமாட்டேங்குது பாருப்பா. படிக்க மட்டும்தான் திறக்குதாம்."

"யாரோ திறந்து வச்சிருக்காங்கக்கா."

"என் பேரைத்தான்பா காட்டுது. நான் எங்க திறந்தேன்?"

"இருங்க, டாஸ்க் மேனேஜர்ல பார்க்கிறேன்… அக்கா, இங்க ஆறு எக்ஸெல் இருக்கு."

"ஒண்ணுகூட திரையில இல்லையே!"

"எதை எண்ட் டாஸ்க் பண்றதுன்னு தெரியலை. எல்லாம் ஒரே பேரு."

"எல்லாத்தையும் பண்ணிடு. நேரமாச்சு, சார் கேட்டுட்டிருக்காரு."

பண்ணப்பட்டது. ஆறில் ஒன்று அதே கணினியில் சார் ரிமோட் வழியாகத் திறந்து, மதியத்திலிருந்து சேமிக்காமல் வைத்திருந்த பட்ஜெட். இக்கட்டத்தில் உரையாடல் அச்சேற்றத் தகுதியற்ற நிலையை அடைவதால் நிறுத்தப்படுகிறது.

எல்லா எக்ஸெல்லையும் ஒரே வரியில் வெட்டும் கட்டளையை மேக்ரோவின் முதல் வரியிலேயே எழுதி வைக்கும் தீவிரவாதிகளும் இக்கட்சியில் உண்டு. அவர்கள் மேக்ரோ ஒருபோதும் தடுமாறுவதில்லை. சுற்றியிருப்பவர்கள்தாம் தடுமாறுகிறார்கள்.

8. விதித் தொகுப்பு

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் விதிகள் பின்வருமாறு:

அ. எக்ஸெல்லையும் ஒர்க்புக்கையும் ஷீட்டையும் எடுக்கும்போதே பெயர் வைத்து எடு. அனாதைச் சொல் எழுதாதே. மேக்ரோ ரெக்கார்டர் தந்ததை ஒட்டும் முன் ஒவ்வொரு ரேஞ்ச்சுக்கும் உடையவரைக் குறி.

ஆ. ஒர்க்புக்கை மூடும்போது சேமிப்பதா வேண்டாமா என்று நீயே சொல். எக்ஸெல்லைக் கேட்க விடாதே.

இ. தான் எழுப்பியதற்கு மட்டும் குவிட் சொல். வேர்டுக்கு மறக்காமல் சொல். பவர்பாயின்ட்டுக்கும் அவுட்லுக்குக்கும் சொல்லும் முன் வேறு யாராவது அதில் இருக்கிறார்களா என்று பார்.

ஈ. தவறு நேரும் பாதைக்கும் இதே ஒழுங்கு வேண்டும். நூறாவது வரியில் தடுக்கி விழுந்த மேக்ரோ, நூற்றிருபதாம் வரியில் எழுதிய குவிட்டை எட்டாது. தவறைக் கையாளும் பகுதியும் ஒழுங்காக முடிந்த பகுதியும் ஒரே வாசல் வழியாக வெளியேறுமாறு எழுதுக.

உ. நத்திங் எழுத விரும்புவோர் எழுதுக. தடையில்லை. அதனால் எக்ஸெல் போனது என்று மட்டும் பிறருக்குச் சொல்லாதிருக்க.

ஊ. ஆளில்லாத சர்வரில் ஆபீஸை ஏவாதே. இதை மைக்ரோசாஃப்ட்டே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது: ஆபீஸ் நிரல்கள் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணி எழுதப்பட்டவை. ஆபீஸ் 2007 முதல் எக்ஸெல் கோப்பு என்பது ஜிப் செய்யப்பட்ட எக்ஸ்.எம்.எல். கோப்புகளின் மூட்டைதான். அந்த மூட்டையை எக்ஸெல்லின் உதவியின்றியே கட்டும் லைப்ரரிகள் உண்டு. எழுப்பாத எக்ஸெல்லை அனுப்ப வேண்டியதில்லை என்பதால், இத்துறையில் எட்டக்கூடிய உச்சநிலை இதுவே.

9. கடைசி ஆட்சேபம்

ஆட்சேபம்: இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மாலையில் கணினியை அணைத்தால் எத்தனை எக்ஸெல் இருந்தாலும் போய்விடுமே?

சமாதானம்: போய்விடும், அணைத்தால். ஆனால் லேப்டாப்பின் மூடியைச் சாத்திப் பையில் வைப்பதைத்தான் இக்காலத்தார் அணைப்பது என்கிறார்கள். வழக்கமான அமைப்பில் அதனால் கணினி தூங்கப் போகிறதே தவிர எந்த நிரலும் மூடப்படுவதில்லை. அத்தனை எக்ஸெல்லும் பையிலேயே வீட்டுக்குப் போய், இரவு உறங்கி, மறுநாள் அவரோடு சேர்ந்து நேரத்துக்கு அலுவலகம் வந்துவிடுகின்றன. வருகைப் பதிவேட்டில் ஒருவருக்குத்தான் கையெழுத்து.